ஆறில் ஒன்று

2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தில்லி மாநகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன அவற்றைச் சுற்றி எழுந்த ஊழல் வழக்குகளே. இந்திரா காந்தி உள்ளரங்கில் அந்த முதல் வாரத்தில் நிகழ்ந்தவற்றை நினைவிற் கொண்டிருப்போர் மிகச் சிலரே ஆவர். அலகாபாத்தைச் சேர்ந்த ஆஷிஷ் குமார் என்னும் இளைஞர் அங்கே தரைப்பயிற்சியில் வெண்கலமும், தாண்டு மேடையில் வெள்ளியும் பெற்றார். பொதுநலவாயப் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் சீருடற்பயிற்சிக்கென இந்தியா பெற்ற முதற் பதக்கங்கள் அவை. அடுத்த மாதமே சீனாவின் குவாங்சோ நகரில் ஆசியப் போட்டியிலும் அவர் ஒரு வெண்கலத்தை ஈட்டினார். செய்தித்தாள்கள் இரண்டு நாள் பாராட்டின, பிறகு மறந்தன.

அதே அரங்கில், அதே வாரத்தில், கைப்பிடிக் குதிரை என்னும் கருவியில் தங்கப் பதக்கம் பெற்றவரின் பெயரை ஒலிபெருக்கி அறிவித்தது. அது பிரசாந்த் செல்லத்துரை என்னும் தமிழ்ப் பெயர். ஆனால் உயர்ந்தது ஆஸ்திரேலியக் கொடி; ஒலித்தது ஆஸ்திரேலிய நாட்டுப்பண். 1986-ஆம் ஆண்டு சிட்னி நகரில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த அவர், குழுப் போட்டியிலும் தம் நாட்டு அணியோடு தங்கம் வென்றார். அவரைப் பற்றித்தான் இம்மாதம் சொல்ல விரும்புகிறேன். தமிழர் என்பதனால் மட்டுமன்று. அவருடைய போட்டி வாழ்வு, பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் சற்றே நின்று எண்ணிப் பார்க்கத் தக்க ஒரு கேள்வியை நம்முன் வைக்கின்றது.

ஆடவர் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆறு கருவிகளில் நடைபெறுவது. தரை, கைப்பிடிக் குதிரை, வளையங்கள், தாண்டு மேடை, இணைக்கம்பிகள், உயர்கம்பி என்பன அந்த ஆறு. இவற்றுள் பார்ப்பவர் கண்ணுக்கு மிகக் குறைவாகவும், செய்பவர் உடலுக்கு மிக அதிகமாகவும் தெரிவது கைப்பிடிக் குதிரையே எனலாம். குதிரை என்றதும் நம் ஊர்த் திருவிழாக்களில் ஆடும் பொய்க்கால் குதிரையை எண்ணிவிட வேண்டா. தோல் போர்த்திய நீண்ட உடல். நீளம் 160 சென்டிமீட்டர், அகலம் வெறும் 35 சென்டிமீட்டர். முதுகின் நடுவே வளைந்த இரு கைப்பிடிகள். தலையும் இல்லை, வாலும் இல்லை. பண்டைக் காலத்தில் போர்வீரர்கள் குதிரையேறப் பழகிய மரக்குதிரையின் பேரப்பிள்ளை இது. 1811-இல் பெர்லின் நகருக்கு வெளியே திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்த பிரெடெரிக் லுட்விக் யான் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் காலத்தில் அது போர்க்களத்தை விட்டு விளையாட்டுக்கு வந்தது.

இக்குதிரையின்மீது வீரன் உட்காருவதில்லை. அவனுடைய இரு கைகள் மட்டுமே அதனைத் தொடலாம். இரு கால்களும் ஒன்றாய் இணைந்து, ஆட்டுக்கல்லின் குழவிபோல் இடையறாது சுழல வேண்டும். கால்கள் கடந்து செல்லும் நொடியில் ஒரு கையை எடுத்தாக வேண்டும். அப்போது உடலின் பாரம் முழுவதும் மற்றொரு மணிக்கட்டின்மேல் விழும். அடுத்த நொடியில் கை மாறும். இவ்வாறு குதிரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்ந்தும் திரும்பியும், நடுவே கால்களைக் கத்தரிபோல் விரித்து வீசியும், முக்கால் நிமிடத்திற்குள் யாவும் முடிந்துவிடும். மற்றக் கருவிகளில் வீரன் ஒரு கணம் மூச்சு வாங்கிக்கொள்ள இடமுண்டு. வளையங்களில் அசையாது நிற்பதும் ஒரு கலையாகும். இங்கோ நின்றால் குற்றம். விரல் ஒன்று வழுக்கினாலும் சுழற்சி குலைந்து கீழே வந்துவிடுவான். அவ்வாறு விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும். புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டுப் பதக்கம் கொடுக்கும் விளையாட்டில் ஒரு முழுப் புள்ளி என்பது ஒரு மலை.

பத்துக்குப் பத்து என்னும் பழைய கணக்கு 2006-ஆம் ஆண்டோடு போயிற்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1976-இல் மான்ட்ரியாலில் நாடியா கொமனெச்சி என்ற பதினான்கு வயதுச் சிறுமி பெற்ற பத்தை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டோம். இப்போது, செய்யும் வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. எவ்வளவு தூய்மையாகச் செய்யப்பட்டது என்பதற்குப் பத்திலிருந்து கழித்து வரும் மற்றொரு கணக்கு. இரண்டையும் கூட்டினால் வருவது மொத்தப் புள்ளி. கடினமான வித்தைக்கு வானமே எல்லை என்று கதவைத் திறந்துவிட்ட முறை இது. ஒரே கருவியில் ஆண்டுக்கணக்காக ஊறிப் போனவர்களுக்கு இம்முறை உகந்ததாயிற்று.

பிரசாந்த் அத்தகையவர். 2009-இல் இலண்டன் மாநகரின் ஓ-டூ அரங்கில் நடந்த உலகப் போட்டியில் கைப்பிடிக் குதிரையில் அவர் வெண்கலம் பெற்றார். சீனாவின் சாங் ஹோங்டாவும், ஹங்கேரியின் கிறிஸ்தியான் பெர்க்கியும் மட்டுமே அவருக்கு முன் நின்றனர். மறு ஆண்டு தில்லியில் தங்கம் வென்ற கையோடு நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்குச் சென்றார்; அதே அக்டோபரிலேயே நடந்த உலகப் போட்டியில் மீண்டும் வெண்கலம். இம்முறை முன்னே நின்றவர்கள் பெர்க்கியும் இங்கிலாந்தின் லூயிஸ் ஸ்மித்தும். ஈராண்டுகள் தொடர்ந்து உலகில் மூன்றாமவர்! ஜிம்னாஸ்டிக்ஸ் வல்லரசென ஆஸ்திரேலியாவை எவரும் சொல்வதில்லை. அந்நாட்டு ஆடவர் ஒருவர் முதன்முதலில் உலக வீரரானதே 2006-இல்தான். உயர்கம்பியில் வென்ற பிலிப் ரிஸ்ஸோ அவர்.

இத்தகைய ஒருவர் எத்தனை ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டிருப்பார் என்று கேட்டால் வாசகர்கள் என்ன விடை கூறுவீர்கள்? ஒன்றில்கூட இல்லை என்பதே உண்மை.

காரணத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடவர் ஜிம்னாஸ்டிக்ஸ் முழுமைக்கும் உலகம் முழுவதற்குமாக ஒதுக்கப்பட்ட இடங்கள் 98 மட்டுமே. முதல் வரிசை நாடுகள் குழுவாக வந்து பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். குழுவாகத் தகுதி பெறாத நாடுகளுக்கு எஞ்சிய இடங்கள் ஒவ்வொன்றாய்ப் பகிரப்படும். அந்த ஒற்றை இடத்தைப் பெற ஆறு கருவிகளிலும் செய்து காட்டி, ஆறின் மொத்தத்தில் முந்த வேண்டும். ஒரு கருவியின் வல்லுநனுக்கு வேறொரு சிறு வாயிலும் இருந்தது. ஒலிம்பிக்கிற்கு முந்திய ஆண்டின் உலகப் போட்டியில் தன் கருவியில் பதக்கம் பெற வேண்டும் என்பதே அது. பிரசாந்தின் அவ்விரு வெண்கலங்களும் 2009-லும் 2010-லும் வந்தவை. வாயில் திறந்திருந்ததோ 2011-இல். அவ்வாண்டு டோக்கியோவில் குதிரைப் பதக்கங்களைப் பெற்றவர்கள் பெர்க்கி, பிரான்சின் தொமாசோன், ஸ்மித் ஆகியோர். ஆஸ்திரேலியாவுக்குக் கிட்டிய ஒற்றை இடத்தில் இலண்டன் சென்றவர், தில்லியில் பிரசாந்தோடு குழுத் தங்கம் பகிர்ந்த ஜோஷுவா ஜெஃப்ரிஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ஜிங்கிற்கும் அந்நாட்டிலிருந்து ஓர் ஆடவரே சென்றார்; அவர் சாமுவேல் சிம்ப்சன்.

ஜெஃப்ரிஸ் இடத்தைப் பறித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆறையும் கற்றவர் அவர். ஆறைத்தான் விதி கேட்டது. விதியை வகுத்தவர்களையும் கொடியவர்கள் எனல் தகாது. உடலின் எல்லாத் திறமும் ஒருங்கே வளர வேண்டும் என்பது யான் காலத்திலிருந்தே இக்கலையின் கொள்கை. ஆயினும், 2012-இல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் நடந்தது பிரசாந்த் மூன்றாண்டுகளுக்கு முன் வெண்கலம் பெற்ற அதே அரங்கில்தான் என்பதை அறியும்போது மனம் சற்றே கனக்கிறது. அங்கே பெர்க்கியும் ஸ்மித்தும் 16.066 என ஒரே புள்ளி பெற்றனர். செய்ததில் தூய்மை அதிகம் என்று பெர்க்கிக்குத் தங்கம் சென்றது. ராட்டர்டாமில் அவ்விருவரோடும் மேடையில் நின்ற மூன்றாமவர் அவ்வரங்கில் போட்டியிடவில்லை.

நம் நாட்டுத் தீபா கர்மாக்கரின் கதையும் இதற்கு அண்டை வீடுதான். அகர்தலாவில் வளர்ந்த அப்பெண்ணின் வலிமை முழுவதும் தாண்டு மேடையில். ஆனால் 2016 ரியோவிற்கு அவர் தகுதி பெற்றது மகளிருக்குரிய நான்கு கருவிகளிலும் செய்து காட்டி, மொத்தப் புள்ளிகளின் வழியாகவே. 1964 டோக்கியோவிற்குப் பின் 52 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் சென்ற முதல் இந்திய ஜிம்னாஸ்ட் அவர். தாண்டு மேடை இறுதியில் 0.150 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். தமக்கு வராத கருவிகளில் தட்டுத்தடுமாறியேனும் அவர் பெற்ற புள்ளிகள்தாம் தமக்கு வந்த ஒன்றின் வாயிலைத் திறந்தன.

இவற்றையெல்லாம் நான் எடுத்துச் சொல்ல நேர்ந்தது சேலையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயாரிடம். அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருக்கிறான். ஏழு வயது முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவன். காளான் வடிவில் தரையோடு ஒட்டிய ஒரு வட்டக் கருவியுண்டு. சிறுவர்கள் அதன்மேல் கால்சுழற்றப் பழகிய பின்னரே குதிரைக்குச் செல்வர். அதில் அவன் சுழன்றால் மற்றப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்களாம். வளையங்களிலும் தாண்டுதலிலும் அவ்வளவு ஒன்றுமில்லை. தாம்பரத்தில் மின்வண்டி ஏறி வாரத்தில் ஆறு மாலைகள் பயிற்சிக்குப் போகிறான். இந்த ஆண்டோடு நிறுத்திவிட வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். “ஒண்ணுலதான் கெட்டிக்காரன் சாமி. மத்த அஞ்சுலயும் சுமார்தான்னு அவங்க அப்பா சொல்றாரு. பாடத்துலயும் அப்படித்தான், அறிவியல் நூறு, கணக்கு ஐம்பத்தஞ்சு” என்றார் அத்தாயார்.

நான் பிரசாந்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப ஒலிம்பிக்குக்கு அவர் போகவே இல்லையா சாமி? அவ்வளவும் வீணாப் போச்சே!” என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் நான் மேலே குறிப்பிட்டேன். வீண் என்று நாம் சொல்வது எதனை? உலகப் பதக்கங்களையா? அவற்றுக்கு முன்பு, எவரும் பாராத பயிற்சிக்கூடத்தில், உரிந்த உள்ளங்கையில் சுண்ணப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மீண்டும் குதிரையேறிய அந்த ஆயிரமாயிரம் மாலைகளையா? ஒலிம்பிக் என்பது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலருக்கு மட்டும் திறக்கும் ஒரு வாயில். அவ்வாயிலின் அளவு ஒருவருடைய உயரத்திற்குப் பொருந்தவில்லை என்பதால் அவருடைய உயரம் குறைந்துவிடுவதில்லை. நம் வீடுகளிலோ பிள்ளையின் உயரத்தை வாயிலைக் கொண்டே அளக்கின்றோம். மதிப்பெண் பட்டியலின் கடைசி வரியிலுள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, மேலே உள்ள வரிகளில் எந்த ஒன்றில் அந்தப் பிள்ளை உயிர் பெற்று நிற்கின்றான் என்பதைப் பார்க்க மறக்கின்றோம். மொத்தம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தீபாவுக்கு வாயில் திறந்தது மொத்தந்தான். பிரசாந்தின்முன் அதனை மூடி வைத்ததும் மொத்தந்தான். கணக்கில் ஐம்பத்தைந்து எழுபதானால் பையனுக்கு நல்லதே. ஆனால் அதற்கு விலையாக அவனுடைய ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதைத் தந்தை யோசிக்க வேண்டும்.

விதிகளும் என்றும் ஒரே நிலையில் நிற்பவை அல்ல. ஒரே கருவியின் வல்லுநர்களுக்கு ஒலிம்பிக் வழி பின்னர்ச் சற்று அகலமாயிற்று. 2024 பாரிசில் கைப்பிடிக் குதிரையில் தங்கம் பெற்றவர் அயர்லாந்தின் ரீஸ் மக்ளெனகன். குதிரை ஒன்றையே தம் வாழ்வாகக் கொண்டவர். அமெரிக்கக் குழுவில் ஸ்டீபன் நெடொரோசிக் என்னும் கண்ணாடியணிந்த இளைஞர் இருந்தார். குழு இறுதியில் மற்ற வீரர்கள் கருவிக்குக் கருவி மாறிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடைசிக் கருவியான குதிரை வரும்வரை அமர்ந்து கண்மூடிக் காத்திருந்தார். முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முக்கால் நிமிடம் சுழன்றார். 2008-க்குப் பின் அமெரிக்க ஆடவர்க்குக் குழுப் பதக்கம் கிட்டியது. சில நாள் கழித்துத் தனிப் போட்டியிலும் அவருக்கு வெண்கலம் வந்தது. இவர்களெல்லாம் பிரசாந்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் வந்தவர்கள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் அந்தத் தந்தையே வந்தார்; பையனும் உடன் வந்தான். பாரிசுப் போட்டியைக் கைப்பேசியில் பத்து முறைக்கு மேல் பார்த்தவன் போலும். நெடொரோசிக் பெயரை என்னைவிட ஒழுங்காக உச்சரித்தான். பிரசாந்த் செல்லத்துரையின் பெயரை மட்டும் அவன் கேட்டதில்லை. எழுதித் தரச் சொன்னான், எழுதிக் கொடுத்தேன். ஆறு மாலைகள் இனி மூன்று. எஞ்சிய மூன்றில் கணக்கு. பொதுத் தேர்வு முடிந்த மறுநாள் முதல் மீண்டும் ஆறு. இதுதான் அவர்கள் இருவரும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. மூன்று மாலைகளில் எந்தக் கருவியைப் பழகுவாய் என்று கேட்டேன். இரண்டு நாள் குதிரை, ஒரு நாள் வளையம் என்றான்.