வாசல் இரண்டு, நுழைய இடம் இல்லை!

தோழரே!

தமிழிலக்கியம் தகடூர் எனப் போற்றும் ஊர்தான் இன்றைய தருமபுரி. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, வாயில் காப்போனை நோக்கி ஔவையார் சினந்து பாடியதைப் புறநானூற்றின் 206-ஆம் பாட்டு காட்டுகிறது. இந்த வாயில் அடைபட்டால் மற்றொரு வாயில் திறக்கும் என்ற செருக்கு அவருக்கு இருந்தது. கலை கைவந்தவருக்கு அந்தச் செருக்கு அழகு!

அதே மண்ணில் இன்றும் ஒருவன் வாயிலில் நிற்கிறான். அவனுக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று, அவன் குடியிருக்கும் வாடகை வீட்டின் வாயில். அங்கே, காலி செய் என்கிறார்கள். மற்றொன்று, அவன் கட்டிக்கொண்டிருக்கும் சொந்த வீட்டின் வாயில். அங்கே நிலை வைத்தாயிற்று, கதவு இல்லை. சுவர் எழுந்தாயிற்று, கூரை இல்லை! ஔவையின் செருக்கோடு அவனால் புறப்பட முடியுமா? எங்கே போவான்? எவரிடம் போவான்?

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உங்கள் தெருவிலேயே இருக்கும். பெங்களூரிலும் திருப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊர்ப்புறத்தே இரண்டே முக்கால் சென்ட் மனை வாங்கியிருப்பார்கள். மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கும். வங்கி ஒரே தவணையில் கடனைக் கொடுத்துவிடுவதில்லை. கடைக்காலுக்கு ஒரு பகுதி, லிண்டலுக்கு ஒரு பகுதி, தளம் போட்டால் ஒரு பகுதி. வாங்கிய பகுதிக்கு வட்டி ஓடுகிறது. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஓடுகிறது. ஒரு கூலியில் இரண்டு வீட்டுச் செலவு! அந்த நேரத்தில் வருகிறது வீட்டுக்காரரின் நோட்டீசு: மகன் வருகிறான், வீடு வேண்டும், அடுத்த மாதம் காலி செய்.

வாழ்நாள் முழுவதும் வாடகைக்கு இருப்பவன் படும் துன்பம் பெரிது. ஆனால் அவன் கையில் நாலு காசு மிச்சம் இருக்கக் கூடும். வீடு கட்டுகிறவன் கையிலோ ஒன்றும் இராது. உள்ளதெல்லாம் சுவராகிவிட்டது, செங்கல்லாகிவிட்டது, சிமென்டாகிவிட்டது! சொந்த வீட்டை நெருங்க நெருங்க அவன் வலுவிழக்கிறான் என்பதுதான் கொடுமை.

இன்னொரு வாடகை வீடு பார்த்துக்கொண்டால் போயிற்று என்பார்கள் எளிதாக. நாலு மாதத்துக்கு வீடு தருபவர் யார்? புதிய முன்பணத்துக்கு எங்கே போவது? பிள்ளைகளின் பள்ளியை நடு ஆண்டில் மாற்றுவதா? அதற்கெல்லாம் மேலாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு, விடை பிடிக்கவில்லையென்றால் கதவைச் சாத்தும் வழக்கம் இந்நாட்டில் செத்தொழிந்துவிட்டதா? பெரியார் பிறந்த நாட்டில் சாதியின் கடைசிக் காவலாளி வாடகை வீட்டுத் திண்ணையில் இன்னும் அமர்ந்திருக்கிறான், தோழரே!

சட்டம் என்ன சொல்கிறது? கிராமத்தில் மாத வாடகைக்கு இருப்பவனுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவில் 15 நாள் முன்னறிவிப்புத் தருகிறது. ஆடியில் குடிபோகாதே என்கிறது பஞ்சாங்கம். நாம் பஞ்சாங்கத்தை ஏற்பவர்கள் அல்லர். ஆயினும் அந்தப் பஞ்சாங்கமே ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறது. வெள்ளையன் எழுதிவைத்த சட்டம் அதில் பாதிதான் பொறுக்கிறது!

நகர்ப்புறத்துக்கு 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. வீட்டுக்காரருக்குக் குடியிருக்க வீடு தேவை என்பது வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே இன்னொரு காரணம்! வாய்ச்சொல்லை நம்பி, முன்பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடியேறும் நம் மக்களுக்கு இது தெரியுமா?

வீடு வாங்குவோரைக் காக்க 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்துக்கும் எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் அதில் பதிவுக் கட்டாயம் இல்லை. சொந்த மனையில் மேஸ்திரியிடம் ஒப்படைத்துக் கட்டுகிறவனுக்கு அச்சட்டத்தால் என்ன பயன்? சென்னையின் அடுக்குமாடிக்கு எழுதிய சட்டம் பென்னாகரம் சாலையின் ஒற்றை வீட்டைப் பார்ப்பதில்லை. வாடகைச் சட்டத்துக்கு அவன் வெறும் வாடகைதாரன். வங்கிக்கு அவன் வெறும் கடன்காரன். இரண்டுமாக இருக்கும் அந்த மனிதனை எந்த ஏடும் அறியாது!

சட்டம் எப்போதுமே இப்படிக் கண்மூடி இருந்ததா? இல்லை. நீதிக்கட்சி ஆண்ட நாளில் பிறந்தது 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். பிறர் மனையில் தன் செலவில் வீடு கட்டியவன் மீது வெளியேற்ற வழக்குத் தொடுத்தால், அந்த மனையைத் தனக்கே விற்கும்படி உத்தரவிட அவன் நீதிமன்றத்தை வேண்டலாம். விலையை நீதிமன்றமே முடிவு செய்யும். வெளியே போ என்ற ஓலையையே சொந்தமாக்கிக்கொள் என்ற ஓலையாக மாற்றிய சட்டம் அது!

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வீட்டுக்காரரின் தேவை உண்மையென்று கண்டாலும், மொத்தம் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் குடியிருப்போனுக்கு அவகாசம் தரலாம் என்று எழுதியிருந்தது. அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் கூடுதல் இடம் கேட்டால், அவர் பெறும் நன்மையைவிடக் குடியிருப்போன் படும் துன்பம் பெரிதா என்று எடைபோட வேண்டும். பெரிதென்றால் மனுவைத் தள்ள வேண்டும். தராசு இருந்தது, தோழரே! இரு தட்டிலும் மனிதர்களை வைத்துப் பார்க்கும் தராசு!

1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்டது கலைஞர் அரசு. 1971-இல், நிலக்கிழாரின் மனையில் குடிசை போட்டு வாழ்ந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அந்தக் குடியிருப்பு மனையையே உரிமையாக்கிச் சட்டம் செய்தது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், ஊரகத்தில் வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் என, 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. வீடு கட்டப் பணம் கொடுப்பது பெருமை. அந்த வீட்டுக்குத் தளம் போடும் வரை அவன் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கச் செய்வது கடமை அல்லவா?

வீட்டுக்காரர் எல்லாரும் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்த வருவாயில் மருந்து வாங்கும் விதவைத் தாயும் வீட்டுக்காரர்தான். அவருடைய சொத்தைப் பறிக்கச் சொல்லவில்லை, பொறுக்கச் சொல்கிறோம். வாடகை தவறாமல் கொடுப்பவன், கட்டட அனுமதியையும் கடன் கணக்கையும் காட்டித் தன் வீடு பாதி எழுந்திருப்பதை மெய்ப்பித்தால், ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணை அவனுக்கு வேண்டும். அவனை உடனே அனுப்பாவிடில் வீட்டுக்காரர் தெருவில் நிற்க நேரும் என்றால், தராசு அவர் பக்கம் சாயட்டும். அந்தத் தராசைத் தெளிவான சொற்களில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறுத்துங்கள் என்பதே நம் கோரிக்கை.

கோரிக்கை வைத்துவிட்டுக் கை கட்டி நிற்பதா? 1915-இல், முதல் உலகப் போரின் நடுவே, கிளாஸ்கோ நகரில் வாடகை ஏறியபோது மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் தாய்மார்கள் வாடகை கொடுக்க மறுத்தனர். அமீனாக்கள் வந்தால் மணியடித்துத் தெருவைக் கூட்டித் திருப்பி அனுப்பினர். அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையையும் வீட்டு அடமான வட்டியையும் ஒரே சட்டத்தால் கட்டுப்படுத்தியது. தெரு முதலில் எழுந்தது. சட்டம் பின்னால் வந்தது!

தருமபுரியின் தோழர்களே, உங்கள் வட்டத்தில் வாடகைக்கு இருப்போர் யார் யார் என்று கணக்கெடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுதிப் பதிய உடன் செல்லுங்கள். வாடகைக்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் வங்கி வழியாகவோ அஞ்சல் வழியாகவோ அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து விரட்டச் சட்டம் இடம் தரவில்லை என்பதை உரக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடமும் சென்று அமைதியாகப் பேசுங்கள். நாலு பேர் நல்ல சொல் சொன்னால் நாலு மாதம் கிடைக்கக் கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்லுங்கள்: நோட்டீசு என்பது தீர்ப்பு அல்ல! காகிதம் வந்த அன்றே சட்டி பானையைத் தெருவில் வைக்க வேண்டியதில்லை. வழக்கு மன்றம் கேட்க வேண்டும். இரு பக்கமும் பேச வேண்டும். உத்தரவு பிறக்க வேண்டும். இது தெரியாமலே வெளியேறிய குடும்பங்கள் எத்தனை!

கொடியேற்றக் கூடும் கை, கூரையேற்றவும் துணை நிற்கட்டும். தேர்தல் நாளில் நாம் தட்டாத கதவு உண்டா, தோழரே? அந்தக் கதவுக்குப் பின்னே ஒரு தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று போய்த் தட்டுங்கள்.