சுகர் வந்தா பரம்பரை... குழந்தைக்குக் காது கேக்கலைன்னா மட்டும் விதியா?

1/ போன மாசம் ஒரே நாள் ஓபியில் இரண்டு பேர். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவங்க சொன்ன பதில் ரெண்டும் இன்னும் மனசை விட்டுப் போகலை. அதனால் இந்த இழை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும்.

2/ முதலாமவர் கீரமங்கலம் பக்கம். வயது 38. வெறும் வயிற்றில் சுகர் 260. மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. ஏன்னு கேட்டேன்.
"எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு டாக்டர். பரம்பரை. நாம என்ன பண்ண முடியும்?"

3/ அடுத்து அறந்தாங்கி பக்கம் ஒரு தங்கச்சி. மடியில் இரண்டரை வயசுப் பையன். இன்னும் பேச்சு வரலை. பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பவில்லை. கணவர் சொந்தத் தாய்மாமன். கூட வந்த மாமியார்தான் அந்தப் பெண்ணுக்கு அம்மாச்சியும்.
"இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான். அப்படியே இருந்தாலும் எங்க தலைவிதி சார்."

4/ கவனிச்சீங்களா? தன் கையில் பாதி இருக்கிற நோய்க்கு ஜீன் மேல் பழி. ஜீனைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டிய இடத்தில் விதி மேல் பழி. பழியை இடம் மாத்திப் போடுறோம். ரெண்டு இடத்துலயும் நாம ஒண்ணும் செய்ய வேண்டாம் பாருங்க, அது வசதி.

5/ முதலில் சுகர். பரம்பரை உண்டா? உண்டு. அப்பா அம்மாவில் ஒருவருக்கு டைப் 2 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அது ஒரே ஒரு ஜீன் செய்யும் வேலை இல்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். அவ்வளவுதான்.

6/ ஆதாரம் வேணுமா? சென்னையில் 1989ல் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் 8.3% பேருக்கு சுகர். 2004ல் 14.3%. பதினைந்து வருஷம்! அதுக்குள்ள சென்னைக்காரங்க ஜீன் மாறிடுச்சா? ஒரு தலைமுறைகூட முடியலையே. மாறினது சாப்பாடும் உழைப்பும் தூக்கமும்தான்.

7/ அந்த கீரமங்கலம் அண்ணன்கிட்ட கேட்டேன். "அப்பாவுக்கு எந்த வயசுல வந்துச்சு?"
"அறுபதுக்கு மேல."
அப்பா சைக்கிளில் பூ மூட்டை கட்டிச் சந்தைக்குப் போனவர். இவர் தெருமுனைக் கடைக்கும் பைக். அப்பாவுக்கு 60ல் வந்தது இவருக்கு 38ல். ஜீன் அப்பா கொடுத்தது. அந்த 22 வருஷத்தை முன்னாடி இழுத்தது யாரு?

8/ அப்பாகிட்டேருந்து ஜீன் மட்டுமா வருது? வீட்டுத் தட்டும் வருது. மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், ராத்திரி பரோட்டா, நாலு வேளை சர்க்கரை டீ. இதுவும் பரம்பரைதான். ஆனா இதை மாத்தலாம்.

9/ மாத்தினா பலன் உண்டா? டாக்டர் ராமச்சந்திரன் குழு சென்னையில் நம்ம ஆட்களை வெச்சே ஆய்வு செய்து 2006ல் வெளியிட்டது. எல்லோரும் சுகர் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55% பேருக்கு சுகர் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39%. ஜீனை யாரும் தொடவே இல்லை.

10/ அதனால, வீட்ல சுகர் இருக்குன்னா அது லீவ் லெட்டர் இல்லைங்க, நோட்டீஸ். 30 வயசிலிருந்தே டெஸ்ட் எடுங்க. ஏற்கெனவே சுகர் இருந்தால் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

11/ இப்ப ரெண்டாவது விஷயம். இதுக்குத்தான் திட்டு விழும்னு தெரியும். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21: தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28% பேர் ரத்த சொந்தத்தில் கட்டியவர்கள். நாட்டிலேயே அதிகம். இந்திய அளவில் 11%தான்.

12/ இதுல என்ன சிக்கல்? நம்ம எல்லார் உடம்பிலும் பழுதான சில ஜீன்கள் ஒளிஞ்சிருக்கு. ஜோடியில் ஒன்று நல்லா இருந்தா நோய் வராது. அதே பழுது கணவன், மனைவி ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகளுக்குள் எட்டில் ஒரு பங்கு ஜீன் பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒரு பங்கு.

13/ பயமுறுத்த மாட்டேன், கணக்கை நேர்மையா சொல்றேன். பொதுவாகவே 100 குழந்தையில் 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்மாமன் என்றால் இன்னும் கூடும். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் நல்லாத்தான் பிறக்கும். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பது அதனால்தான். ஆனா, ஆகிற வீட்டுக்கு அது நூற்றுக்கு நூறு.

14/ "ரத்த குரூப் வேற வேற சார், பிரச்சினை இல்ல." தயவுசெஞ்சு இதை நிறுத்துங்க. ரத்த குரூப்புக்கும் இந்தப் பழுதான ஜீன்களுக்கும் சம்பந்தமே இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜாதகத்திலும் இது தெரியாது.

15/ இன்னொண்ணு. குறையோட பிள்ளை பிறந்தா "மருமக ராசி" என்று பேசுற வாய்கள். இந்த மாதிரி நோயில் பழுதான ஜீன் அப்பாவிடமிருந்து ஒண்ணு, அம்மாவிடமிருந்து ஒண்ணு. பாதி உங்க மகன் கொடுத்தது. அந்தப் பொண்ணை விடுங்க.

16/ ஏன் சொந்தத்தில் கொடுக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். நிலம் பிரியாது, பொண்ணு கண் முன்னாடி இருக்கும், மாமியார் அத்தையாவே இருப்பாங்க. நியாயமான ஆசைதான். ஆனா அந்த ஆசைக்கான விலையைக் கட்டப்போறது நீங்க இல்ல, பிறக்கப்போற பிள்ளை.

17/ ஏற்கெனவே கட்டிட்டீங்களா? பதற வேண்டாம். மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. குடும்பத்தில் காது கேளாமை, வலிப்பு, சிறுவயது மரணம் இருந்தால் அதையும் சொல்லுங்க. 18 முதல் 20 வாரத்தில் ஸ்கேன். பிறந்த ஒரு மாசத்துக்குள் காது டெஸ்ட்.

18/ அந்தப் பையனுக்கு வருவோம். டெஸ்ட்டில் இரண்டு காதும் கேட்கவில்லை. காரணம் ஜீனா என்று இனிமேல்தான் பார்க்கணும். ஆனால் பிறவிக் காது கேளாமையில் பாதிக்கு மேல் மரபணுதான் காரணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசம். ஆறு மாசத்தில் வந்திருந்தா இந்நேரம் "அம்மா"ன்னு சொல்லியிருப்பான். "மூணு வயசுல பேசுவான்" என்ற ஒரு வார்த்தை அவனோட ரெண்டு வருஷத்தைத் தின்னுடுச்சு.

19/ இதே புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை புற்றுநோயில் போனார். விதின்னு அழுதுட்டுப் போயிருக்கலாம். 1954ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் ஊர்க்காரங்க நாம.

20/ நாளைக்கே ரெண்டு வேலை. அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தா நீங்க போய் டெஸ்ட் எடுங்க. வீட்ல சொந்தத்தில் கல்யாணப் பேச்சு ஓடினா இதை அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. திட்டு விழுந்தா என் பேரைச் சொல்லிக்கோங்க.