மம்பட்டிக் காம்பும் மாத்த முடியாத பாட்டரியும்

சென்னையில் இருக்கும் அக்கா மகன் அலமாரியை ஒழித்தபோது இரண்டு பழைய போன் கிடைத்ததாம். ஒன்று ரெட்மி 9ஏ, இன்னொன்று நோக்கியா சி01 பிளஸ். “மாமா, உங்க போன்தான் போச்சே, இதுல ஒண்ண அனுப்புறேன். ரெட்மியையே வச்சுக்குங்க, எல்லாத்துலயும் அதான் மேல” என்றான். நான் நம்ப மாட்டேனென்று இரண்டையும் ஒப்பிடும் வீடியோ ஒன்றும் சேர்த்து அனுப்பினான்.

வீடியோவில் பேசிய தம்பி பொய் சொல்லவில்லை. ரெட்மி 2020-ல் 6,799 ரூபாய்க்கு வந்தது. 6.53 அங்குலத் திரை, 5000 எம்ஏஎச் பாட்டரி, 13 மெகாபிக்சல் கேமரா. நோக்கியா அடுத்த வருஷம் 5,999-க்கு வந்தது. 5.45 அங்குலம், 3000 எம்ஏஎச், 5 மெகாபிக்சல். கணக்குப் போட்டால் ரெட்மிதான். கேம் எதில் நிற்காமல் ஓடுது, செல்பி எதில் பளிச்சுன்னு விழுதுன்னு கால் மணி நேரம் பேசினார். நோக்கியாவின் முதுகை நகத்தால் நெம்பிக் கழட்டி பாட்டரியை மாத்தலாம் என்பதை மட்டும் ஒரே வரியில், அதுவும் சிரிச்சுக்கிட்டே, “பழைய காலத்து மாடல்” என்று சொல்லிட்டுப் போயிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரலைங்க.

குறுவை அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி வைத்திருந்த சமயம். என் போனின் பாட்டரி உப்பி, முதுகு தானாகப் பிளந்துகொண்டது. வாங்கி மூணு வருஷம் ஆகலை. சிட்டா, அடங்கல், பாஸ்புக் போட்டோ எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. சிம்மைக் கழட்டி வீட்டுக்காரியின் பட்டன் போனில் போட்டு ஓடிபி வாங்கிவிட்டேன். போட்டோவை எங்கே போய் எடுக்கிறது? கும்பகோணத்துக் கடையில், “சூடு காட்டிப் பசையை இளக்கித்தான் பிரிக்கணும்ணே, பாட்டரி வெளியூர்லேர்ந்து வரணும், ரெண்டு நாள் ஆகும்” என்றார்கள். மறுபடியும் வி.ஏ.ஓ.வைத் தேடி, ஜெராக்ஸ் கடைக்கு அலைந்து, பதிவு முடிய மூணு நாள். இரண்டாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய் போட்டும் அடிநெல்லில் ஈரம் ஏறிடுச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். திரும்ப விரித்து, கிளறி, காயவைத்த ஆள்கூலியை எந்த ஒப்பீட்டு வீடியோவும் கணக்கில் சேர்க்காது.

மம்பட்டிக் காம்பு முறிஞ்சால் காம்பைத்தான் மாத்துறோம். யாராவது மம்பட்டியையே தூக்கிப் போடுவார்களா? போனில் சீக்கிரம் தேய்வது பாட்டரிதான். வெயிலில் கிடக்கும் போனுக்கு இன்னும் சீக்கிரம். தேய்கிற சாமானைத்தான் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

தண்ணி போகாமல் இருக்கத்தான் மூடினோம் என்பார்கள். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ல் முதுகைக் கழட்டி பாட்டரி மாத்தலாம், தண்ணிக்கு ஐபி67 பாதுகாப்பும் உண்டு. அப்போ முடிஞ்சது இப்போ ஏன் முடியலை? சாதனங்களில் இருக்கும் பாட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்த வழி இருக்கணும்னு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டது, 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருதாம். அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். இங்கே நாம் மெகாபிக்சலை எண்ணிக்கிட்டு இருக்கோம்.

ரெட்மியைக் குறை சொல்ல இதை எழுதலை. பெரிய திரையில் வானிலைப் படம் பார்க்க வசதி. நெல் இலையில் புள்ளி விழுந்தால் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்ப 13 மெகாபிக்சல் நல்லாவே உதவும். நோக்கியாவின் 16 ஜிபி இடம் வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்களுக்கே பத்தாது, அதுவும் உண்மை. சேத்துக் கையால் தொட்டால் இந்த விலையில் எந்தத் திரையும் மதிக்காது, அதில் ரெண்டும் ஒண்ணுதான்.

நகரத்தில் இருக்கும் உங்களுக்கு போன் நின்றால் தெருமுனையில் கடை இருக்கு, மேசையில் லேப்டாப் இருக்கு, சாயந்தரமே புதுசு வீட்டுக்கு வந்துடும். அந்த வாழ்க்கையில் உட்கார்ந்துகொண்டு “பட்ஜெட் போன்” என்று தீர்ப்பு எழுதுறீங்க. பட்ஜெட் போனை நம்பியே பிழைக்கிறவன் அதை அஞ்சு வருஷம் ஓட்டணும்னு நினைக்கிறான். அவன் கேட்கிற முதல் கேள்வி, ரிப்பேர் ஆனால் எவ்வளவு, எத்தனை நாள்? அதை ஒரு வீடியோவிலாவது முதலில் சொல்லுங்களேன்.

அக்கா மகனிடம் நோக்கியாவையே அனுப்பச் சொல்லிட்டேன். “மாமா, 3000 எம்ஏஎச்தான், சாயங்காலமே படுத்துடும்” என்றான். கும்பகோணத்துக் கடைக்குப் போன் போட்டு அந்த மாடலுக்கு பாட்டரி இருக்கான்னு முதலிலேயே கேட்டுவிட்டேன். இருக்காம். ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.