ராத்திரி லாரி ஏறாத அணி! அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு ஏன் இந்த மவுசு?

1984-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி இரவு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். பனி கொட்டிக் கொண்டிருந்தது.

ஊர் அடங்கிய நேரத்தில் வரிசையாக லாரிகள் வந்து நின்றன. மேஜை, நாற்காலி, பீரோ, தலைக்கவசம் எல்லாம் அவசர அவசரமாக ஏற்றப்பட்டன. விடிவதற்குள் லாரிகள் பறந்து விட்டன.

திருட்டு அல்ல. வாடகை பாக்கி வைத்து விட்டு ராவோடு ராவாகக் காலி செய்யும் குடித்தனமும் அல்ல. 'கோல்ட்ஸ்' என்ற கால்பந்து அணியை அதன் முதலாளியே இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு ஓட்டிக் கொண்டு போனார்! 1953 முதல் பால்டிமோர் ஜனங்கள் கைதட்டி வளர்த்த அணி அது. அணியைப் பறிமுதல் செய்ய மாநில சட்டசபையில் சட்டம் வரப் போகிறது என்று தெரிந்ததும் முதலாளி முந்திக் கொண்டார்.

அணியின் பாண்டு வாத்தியக்காரர்கள் மட்டும் போகவில்லை. அவர்களுடைய உடுப்பு அன்றைக்குச் சலவைக்குப் போயிருந்தது. அதனால் லாரியில் ஏறாமல் தப்பியது! சொந்த அணி இல்லாத ஊரில் அந்தப் பாண்டு 12 வருஷம் வாசித்தது. 1996-ல் பால்டிமோருக்கு வேறு அணி கிடைத்தது. எப்படி? கிளீவ்லாந்து நகரத்தில் இருந்து தட்டிக் கொண்டு வந்ததுதான்!

சம்பள ஆட்டம்

அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய கால்பந்து அணிகள் 32. பொறுக்கி எடுத்த வீரர்கள். ஆட்டத்தில் பிசிறே இருக்காது. இருந்தும் என்ன? சனிக்கிழமை கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்குத்தான் ஊரே திரண்டு போகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானம் 1927-ல் கட்டியது. அதில் 1,07,601 பேர் உட்காரலாம். 32 சம்பள அணிகளில் ஒன்றுக்குக்கூட அவ்வளவு பெரிய மைதானம் கிடையாது.

பெயர்தான் கால்பந்து. காலுக்கு வேலை குறைவு. பந்தும் உருண்டை அல்ல, இரண்டு முனையும் கூர். அதைக் கையில் இடுக்கிக் கொண்டு 11 பேர் பாய்வார்கள். எதிரே 11 பேர் மோதித் தள்ளுவார்கள். 4 முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. விஷயம் இவ்வளவுதான்.

கல்லூரிப் பையன் பந்தைத் தவற விடுவான். தப்பான பக்கம் எறிவான். அதையும் பார்க்க ஏன் இந்தக் கூட்டம்?

பல்கலைக்கழகத்தை லாரியில் ஏற்ற முடியாது. அதுதான் சங்கதி! மணிக்கூண்டும், ஹாஸ்டலும், லைப்ரரியும் நின்ற இடத்தில் நிற்கும. தாத்தா படித்த இடத்தில் பேரன் படிப்பான். கல்லூரி வாசலை மிதிக்காத கடைக்காரருக்கும் அது நம்ம ஊர் அணி.

மரத்துக்கு விஷம்

அலபாமா மாநிலத்தில் அந்த 32 சம்பள அணிகளில் ஒன்றுகூடக் கிடையாது. அலபாமா, ஆபர்ன் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள்தான். பிறந்த குழந்தைக்கும் ஒரு கட்சி உண்டு.

ஆபர்ன் ஊர் முனையில் இரண்டு ஓக் மரங்கள் நின்றன. ஆபர்ன் ஜெயித்தால் ஜனங்கள் காகிதச் சுருளை அந்த மரங்கள் மேல் வீசி மரத்தையே வெள்ளையாக்கி விடுவார்கள். 2010-ல் நடந்த ஆட்டத்தில் 24 பாயிண்டு பின்தங்கிக் கிடந்த ஆபர்ன், 28-27 என்று அலபாமாவை மண் கவ்வ வைத்தது.

சில வாரம் கழித்து ரேடியோ நிலையத்துக்கு ஒரு டெலிபோன். "மரத்துக்கு விஷம் வைத்து விட்டேன்" என்று ஒரு ஆசாமி பெருமை அடித்தான்! மண்ணைச் சோதித்துப் பார்த்தால் நிஜம். களைக்கொல்லி மருந்து கொட்டிக் கிடந்தது. 2011 பிப்ரவரியில் ஆள் பிடிபட்டான். விசாரித்தால் அவன் ஒரு மாஜி போலீஸ்காரன். 2013-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டு ஜெயிலுக்குப் போனான். அதே வருஷம் மரங்களையும் வெட்ட வேண்டியதாயிற்று.

பைத்தியக்காரத்தனம்தான். சந்தேகமே இல்லை. ஆனால் சம்பள அணிக்காக எவன் மரத்துக்கு விஷம் வைப்பான்?

ஒரே ஒரு தோல்வி

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பேஸ்பால் அணி வருஷத்துக்கு 162 ஆட்டம் ஆடும். கூடைப்பந்து அணி 82. இன்றைக்குத் தோற்றால் நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம். கல்லூரி அணிக்கு வழக்கமாக 12 ஆட்டம்தான். ஒன்று போனாலே வயிறு கலங்கும்.

2007 செப்டம்பர் 1-ந் தேதி அதே மிச்சிகன் மைதானம். நாட்டிலேயே 5-வது இடத்தில் இருந்தது மிச்சிகன். எதிரே அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு அணி. வேடிக்கை பார்க்க வந்த லட்சம் பேர் வாய் அடைத்துப் போனார்கள். 34-32! கடைசி விநாடியில் மிச்சிகன் உதைத்த பந்தைச் சின்ன அணிக்காரன் பாய்ந்து தடுத்து விட்டான். அவர்களுடைய ஊரில் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டு போய்ப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலில் போட்டார்கள்.

பையனுக்குக் காசு

இந்தப் பாசத்துக்கு அடியில் ஒரு அநியாயமும் கிடந்தது. பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளப் பட்டியலில் முதல் ஆள் கவர்னர் அல்ல, பல்கலைக்கழகக் கோச்! முட்டி பெயர்ந்து கிடக்கும் பையனுக்குப் படிப்புச் செலவு மட்டும். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட பின்னால் சம்பள அணிக்குப் போவது இல்லை.

கோர்ட்டு குட்டிய பிறகுதான் வழி பிறந்தது. 2021 முதல் வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-ல் இருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். "காசு வந்ததும் ஆட்டம் கெட்டது" என்று பழைய ஆசாமிகள் அங்கலாய்க்கிறார்கள். உழைத்தவன் கூலி வாங்கினால் ஆட்டம் எப்படிக் கெடும்?

கெட்டது வேறு இடத்தில்.

1869 நவம்பர் 6-ந் தேதி நடந்த முதல் கல்லூரி ஆட்டத்தில் ரட்கர்ஸ் கல்லூரி 6-4 என்று பிரின்ஸ்டனைத் தோற்கடித்தது. பிரின்ஸ்டன் பையன்கள் பக்கத்து ஊரில் இருந்து ரயிலில் வந்தார்கள். இன்றைக்கு அதே ரட்கர்ஸ் இருக்கும் கூட்டணியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. நடுவே சுமார் 4,000 கி.மீ.! எல்லாம் டெலிவிஷன் பணம் படுத்தும் பாடு.

பசிபிக் கடற்கரைப் பக்கம் 12 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டணியாக ஆடி வந்தன. 2024-ல் பத்து பேர் பெட்டியைக் கட்டினார்கள். கட்டிடம் அங்கேயே நிற்க, அணி மட்டும் லாரி ஏறிய கதைதான்! மிஞ்சியது இரண்டே பேர். சின்ன ஊர்களில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

பிரிந்து போன பெரிய அண்ணன் வாஷிங்டன் பல்கலைக்கழகம். அதுவும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 'ஆப்பிள் கோப்பை'க்காக மோதுவது பழைய வழக்கம். 2024 செப்டம்பர் 14-ந் தேதி சியாட்டில் நகரில் மறுபடி மோதினார்கள். கடைசி நேரத்தில் வாஷிங்டன் கோட்டுக்கு வெகு அருகே வந்து விட்டது. ஒரு தள்ளு தள்ளினால் வெற்றி. தள்ள விடவில்லை. 24-19. கை விடப்பட்ட அணி கோப்பையைத் தூக்கிக் கொண்டு ஊருக்குப் போனது!