உறங்கும் பாம்புக்குத் தாகமே எடுக்காதாம்!

குளிர்காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும் வளர்ப்புப் பாம்பின் பெட்டியில் தண்ணீர்க் கிண்ணம் எதற்கு என்று அன்பர் ஒருவர் வியாசமே எழுதிவிட்டார். உறங்கும் பாம்பு குடிக்காது. கிண்ணம் வைத்தால் கவிழ்த்துவிடும். ஈரத்தில் நோய் வரும்: இவை அவருடைய மூன்று வாதங்கள். குடிக்க எழாத பாம்பு கிண்ணத்தைக் கவிழ்க்க மட்டும் எப்படி எழுந்தது? முதல் வாதத்தை இரண்டாவது விழுங்கிவிட்டதை வாசகர் கவனித்திருப்பார், எழுதியவர் கவனிக்கவில்லை.

அமெரிக்காவில் கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்கள் இனப்பெருக்கத்துக்கு முன் அதை 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மாதம் வைப்பது வழக்கம். இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும் என்பதால் உணவை முன்கூட்டியே நிறுத்துகிறார்கள். அதைச் சாக்காக வைத்துத் தண்ணீரையும் நிறுத்தச் சொல்வது எந்தத் தர்க்க சாஸ்திரம்? செரிமானம் ஓய்ந்தாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். கழிவை யூரிக் அமிலமாக்கும் பிராணிக்கு நீர் வற்றினால் அந்த அமிலம் சிறுநீரகத்தில் படியும் என்பதாவது தெரியுமா?

"காட்டில் யார் கிண்ணம் வைத்தார்கள்?" என்று மடக்குகிறார். வட அமெரிக்காவின் மாசசாகா விரியன், கிரேஃபிஷ் தோண்டிய வளைக்குள் நிலத்தடி நீர் தட்டுப்படும் ஆழம்வரை இறங்கி, உடல் நீரில் தோயக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அன்பர் காட்டும் காடு எதுவோ!

ஈரம் பற்றிய அச்சத்தில் மட்டும் அரைக்கால் உண்மை உண்டு. நனைந்த விரிப்பும் குளிரும் சேர்ந்தால் செதில் அழுகும், மூச்சுத் தொற்றும் வரும். அதற்குக் கனமான கிண்ணம், பாதியளவு நீர், நல்ல காற்றோட்டம், நனைந்தால் உடனே விரிப்பு மாற்றம் போதுமே? தண்ணீரையே ஒழிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம்.

வேடிக்கை கடைசிப் பத்தியில். வசந்தத்தில் எழுப்பியதும் பாம்பை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டுமாம்! வற்றாத பாம்புக்கு ஊறல் ஏன் சுவாமி? வாரம் ஒருமுறை பெட்டி இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கி நீர் மாற்றச் சோம்பல் என்று ஒற்றை வரியில் ஒப்புக்கொண்டிருந்தால் இத்தனை மை மிச்சமாகியிருக்கும்.

பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிண்ணத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும், பாம்பை அவ்வப்போது எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் ஒடுக்கத்தை அத்துடன் முடித்துக்கொண்டு, ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். அன்பரிடம் யோசனை கேட்காதீர்கள்.