கரையானுக்கும் சாதி தெரியும்

"பழைய ரிக்கார்டா? கரையான் அரிச்சுப் போச்சுப்பா." பஞ்சமி நிலம் என்று வாயெடுத்தாலே தாலுகா ஆபீசுகளில் நம் ஆட்களுக்குக் கிடைக்கிற பதில் இதுதான். ஜமீன் பத்திரத்தைத் தொடாத கரையான் சேரிக் கட்டை மட்டும் தேடித் தின்கிறது!

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் பழைய வரப்பைக் கண்டுபிடித்துவிடலாமே என்கிறார்கள் மாணவத் தோழர்கள். கண்டுபிடிக்கலாம். தொழிற்பேட்டையும் நாலுவழிச் சாலையும் வந்த பிறகும் சூலக்கரைக் கரிசலில் ஓடையும் வண்டிப்பாதையும் பனை வரிசையும் பழைய புல எல்லையைக் காட்டிக்கொடுக்கும். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995இலேயே வெளியே வந்துவிட்டன. யூ.டி.ஆருக்கு முந்தைய காட்டை அவற்றில் தேடலாம். ஆனால் தோழா, வானத்திலிருந்து வரப்புதான் தெரியும், யார் வரப்பு என்று தெரியாது. அதற்குப் புலப்படம் வேண்டும். பழைய எண்ணுக்குப் புது எண் சொல்லும் பட்டியல் வேண்டும். முக்கியமாக 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தி வேண்டும். 1979இல் தொடங்கிய யூ.டி.ஆரில் அனுபவத்தில் இருந்தவன் பெயரே பல இடத்தில் பட்டாவாக ஏறியது. அனுபவத்தில் எப்படி வந்தான் என்று யார் கேட்டார்கள்? அதனால் யூ.டி.ஆர். நகலோடு திரும்பி வராதீர்கள், அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு கூத்து. விருதுபட்டியும் சிவகாசியும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா, பிறகு ராமநாதபுரம், 1985இலிருந்து விருதுநகர் மாவட்டம். நிலம் ஒரு அடி நகரவில்லை. கட்டுதான் ஊர் ஊராய்ப் போனது. 'இங்கே இல்லை' என்றால், எந்த வருஷம் எங்கே அனுப்பினீர்கள் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேட்கணும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

நான் வங்கிக் குமாஸ்தா. அடமானக் கடன் என்றால் வக்கீல் முப்பது வருஷ வில்லங்கம் பார்ப்பார், 'கிளியர்' என்று எழுதுவார். முப்பத்தோராவது வருஷத்துக் களவு அந்தத் தாளில் வராது. நம்மிடம் பிடுங்கிய நிலம் இப்படித்தான் சுத்தமாகி, பிடுங்கினவனுக்கே கடன் வாங்கித் தருகிறது. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் பேரன் பட்டாசுக் கம்பெனியில் கூலிக்கு மருந்து அடைக்கிறான்.

இன்றைய பட்டாவையும் புலப்படத்தையும் இணையத்தில் ஏற்றத் தெரிந்த அரசுக்கு, 1892க்குப் பின் நமக்கு ஒப்படைத்த சர்வே எண்களை மட்டும் ஊர்வாரியாக ஏற்றக் கை வராதது ஏன்?