திரையில் தொலைந்த புள்ளி

எங்கள் வகுப்பில் ஒருத்தி கணிப்பொறித் திரையில் 'பல்' என்பதைப் 'பல' என்று வாசித்தாள். சிரித்தோம். மறுவாரமும் அப்படியே வாசிக்கவே, அவள் கண்ணில்தான் குறை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகும் அவள் தகப்பனார், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிச் சென்றார். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

குறை திரையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் யாரோ ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருந்தார்கள். பழைய குழாய்த் திரைகளில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. இன்றைய தட்டைத் திரை அப்படியன்று. அதில் புள்ளிகள் எண்ணிப் பதிக்கப்பட்டவை. குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 புள்ளிகள் கொண்ட திரையில், 1024-க்கு 768 என்ற படத்தை இழுத்து நிரப்பினால், ஒரு புள்ளி பக்கவாட்டில் ஒன்றேகால் புள்ளிக்கும் சற்று அதிகமாகப் பரவ வேண்டும். ஒன்பது புள்ளி வைத்த முற்றத்தில் ஏழு புள்ளிக் கோலத்தை இழுத்துப் போட்டுப் பாருங்கள், கோடு எங்கே போய் நிற்கும்? ஆங்கில எழுத்து ஒருவாறு தப்பித்துக்கொள்கிறது. நம் மெய்யெழுத்தின் புள்ளியும் ணகரத்தின் சுழியுமே முதலில் மங்குகின்றன.

ஆகவே புது மானிட்டர் வேண்டும் என்று பெற்றோரிடம் கை நீட்டுமுன், இருப்பதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து. விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில், 'ரெக்கமண்டட்' என்று குறித்துள்ள ரெசல்யூஷனையே வைக்கவேண்டும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ஸ்கேலை 125 சதவிகிதம் ஆக்கலாம். பிறகு 'கிளியர்டைப்'. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் உள்ள சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி எழுத்தின் விளிம்பைச் சீராக்கும் இம்முறையை மைக்ரோசாப்ட் 1998-இல் அறிவித்தது. காசு கேட்பதில்லை. வி.ஜி.ஏ. கம்பி என்றால் எச்.டி.எம்.ஐ. கம்பிக்கு மாற்றுவது நல்லது. அதற்கு மட்டும் சிறு செலவு.

2011 முதல் அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி, அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்திருக்கும் வீடுகளிலும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண் பரிசோதனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திரையையும் பரிசோதியுங்கள் என்கிறோம்.

எங்கள் தோழி இப்போது பழையபடி மூன்றாம் வரிசையில்தான் உட்காருகிறாள். 'ண', 'ன' இரண்டும் அங்கிருந்தே அவளுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. எழுதும்போதுதான் மாற்றிப் போடுகிறாள்.